வாய் திறந்தவர் கூண்டிலே!

குற்றம் மறைத்தவன் கூண்டில் நிற்பது முறை. உண்மை உரைத்தவர் கூண்டில் நிற்க, மறைத்தவர் மாளிகையில் இருந்தால், அதற்குப் பெயர் என்ன? நீதி என்று பெயரிட்டனர், அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்திலே!

2017 டிசம்பர். நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் மருத்துவமனை. ஸ்கேன் அறைக்குச் செல்ல அஞ்சிய 75 வயது மூதாட்டிக்கு, அச்சம் தணிக்கும் மருந்து எழுதப்பட்டது. மருந்தைத் தருவது மனிதரல்ல, கணிப்பொறி பூட்டிய பெட்டகம். செவிலியர் வணிகப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளைத் தட்டினார். பெட்டகமோ பொதுப்பெயரால் தேடியது. அமைதி தரும் மருந்துக்கு மாறாக, தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து வந்தது. எச்சரிக்கைகளையும் கடந்து செவிலியர் அதைச் செலுத்தினார். மூதாட்டி மாண்டார்.

பிழை பெரிது, மறுப்பாரில்லை. ஆனால், பிழைக்குப் பின் நடந்ததென்ன?

செவிலியர் ஒளிக்கவில்லை, தம் தவற்றை அப்பொழுதே ஒப்புக்கொண்டார். மருத்துவமனையோ அவரை வேலையைவிட்டு நீக்கியது. மாநில அரசுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாது விட்டது. 2018இல் பெயர் சொல்லாத ஒருவர் தகவல் தந்த பிறகே திரை கிழிந்தது! 2019இல் வழக்கு. 2022 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பு. மே திங்களில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. தண்டனை யாருக்கு? சொன்னவருக்கு! சொல்லாத நிருவாகத்தின் மீது குற்றவியல் வழக்கே இல்லை!

இதைக் கண்ட செவிலியர், நாளை தம் கை தவறினால் வாய் திறப்பாரா? திறந்தால் வேலை போகும், உரிமம் போகும், விலங்கும் வரலாம். மூடினால் மூன்றும் தப்பும். ஊமையாய் இருப்போர்க்குப் பரிசும் உரைப்போர்க்குச் சிறையும் காட்டிவிட்டு, "ஏன் மறைத்தாய்?" என்று கேட்பது நேர்மையா, நண்பர்களே?

மறைக்கப்படும் பிழை மடிவதில்லை. ஒரே சாயலில் இரு புட்டிகள், ஒரே ஒலியில் இரு பெயர்கள்: இன்று ஒருவர் தடுமாறித் தப்பியதைச் சொல்லாவிடில், நாளை அடுத்த வார்டிலே அதே தடுமாற்றம் உயிர் குடிக்கும். அமெரிக்க மருத்துவமனைகளில் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை மடிவதாக அந்நாட்டு மருத்துவக் கழகம் 1999இலேயே கணக்கிட்டது. தனிமனிதரைத் தூற்றுவதை விட்டு, தவற்றுக்கு இடந்தரும் அமைப்பைத் திருத்துக என்றும் அறிவுறுத்தியது. கேட்டதா காது?

வானத்தைப் பாருங்கள்! அதே நாட்டில், தம் தவற்றை எழுதியனுப்பும் விமானியின் பெயரை நீக்கி, பாடத்தை மட்டும் ஊரறியச் செய்யும் ஏற்பாட்டை 1976 முதல் நாசா நடத்துகிறது. அறியாது நேர்ந்த தவற்றுக்கு, வரம்புக்குட்பட்டுத் தண்டனை விலக்கும் உண்டு. விமானிக்குக் கிட்டிய பாதுகாப்பு, செவிலியருக்கு ஏன் கிட்டலாகாது?

"அப்படியாயின் தண்டனையே கூடாதா?" என்பர் சிலர். கூடும்! வேண்டுமென்றே தீங்கிழைத்தவரைத் தண்டியுங்கள். குடித்துவிட்டுப் பணிக்கு வந்தவரைத் தண்டியுங்கள். மறைத்தவரை, மறைக்கச் சொன்னவரைத் தண்டியுங்கள். பிழையையும் பாதகத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்! டென்னசியின் அண்டை மாநிலமான கென்டக்கி, 2024இல் அந்த வேறுபாட்டைச் சட்டமாக்கிவிட்டது.

செவிலியரின் மௌனத்தைச் சுட்டும் விரல்களே, அந்த மௌனத்தை விதைத்த நிருவாகத்தின் பக்கம் திரும்புங்கள்! உண்மை சொல்லும் நாவுக்குக் காவல் தாருங்கள். நோயாளியின் உயிருக்கு அதுவே காவல்!