பறப்பவன் காலில் கயிறு

"போட்டி வேண்டும், தடையிலாப் போட்டி வேண்டும்" என்று முழங்குகிறார்களே விமான முதலாளிகள், யாருக்கு வேண்டுமாம் அந்தப் போட்டி, தோழர்களே?

1953-இல் அரசுடைமையான தொழிலை 1994-இல் தனியாருக்குத் திறந்துவிட்டனர். ஐந்தாண்டு அனுபவமும் இருபது விமானங்களும் உள்ள நிறுவனமே வெளிநாடு பறக்கலாம் என 2004-இல் விதி பிறந்தது. 2016-இல் ஐந்தாண்டு நிபந்தனை அகலும்வரை அதைக் காக்கக் கூக்குரலிட்டவர் யார்? முன்பே உள்ளே புகுந்துவிட்ட இந்தப் போட்டிப் பிரியர்களேதாம்!

மறு ஆண்டே விமானிக்கு வந்தது ஆணை: தலைமை விமானி விலக ஓராண்டு முன்னறிவிப்பு, துணை விமானிக்கு ஆறு மாதம். திடீரென விலகினால் பயணிகள் தவிப்பராம். நல்ல பரிவு! 2012-இல் கிங்பிஷரும் 2019-இல் ஜெட் ஏர்வேசும் பறப்பதை நிறுத்தியபோது எத்தனை மாத முன்னறிவிப்புத் தந்தன? சம்பள பாக்கியோடு தெருவில் நின்றவர்களில் விமானியும் ஒருவனன்றோ?

இலட்சக்கணக்கில் கடன்பட்டு உரிமம் பெறுகிறான் இளைஞன். அந்த உரிமத்தோடு நல்ல ஊதியம் தருமிடம் நாடினால் மட்டும் போட்டி கசக்கிறது! ஓராண்டை மூன்று மாதமாக்குங்கள். பிறகு பேசுவோம் போட்டியின் பெருமையை.