பிஎஸ் காட்டிக்கொடுக்கும் கடவுச்சொல்

பலர் புழங்கும் ஒரு லினக்ஸ் சர்வரில் பேக்கப் ஓடும் நேரம் பார்த்து ‘பிஎஸ்’ கொடுத்துப் பாருங்கள். ஓபன்எஸ்எஸ்எல் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே கடவுச்சொல்லும் நிற்பதை இன்றும் சில இடங்களில் காணலாம். ஏஇஎஸ்-256 போட்டுப் பூட்டியாயிற்று. சாவி மட்டும் கதவிலேயே தொங்குகிறது.

கட்டளையோடு நாம் தரும் ஆர்க்யுமென்ட்கள் ப்ராக் கோப்பகத்தில், அந்தப் ப்ராசஸின் ‘சிஎம்டிலைன்’ கோப்பில் கிடக்கும். வழக்கமான அமைப்பில் எந்தப் பயனரும் அதைப் படிக்கலாம். மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் தொடங்கியதும் தன் கடவுச்சொல்லின் மேல் எழுதி மறைத்துக்கொள்ளும்; ஆனாலும் அதற்கு முந்தைய கணம் திறந்தே இருக்கிறது. 2012இல் லினக்ஸ் 3.3உடன் வந்த ‘ஹைட்பிட்’ பிறருடைய ப்ராசஸ்களைக் கண்ணில் படாமல் செய்யும். ஷெல் ஹிஸ்டரிக்கும் ஆடிட் லாக்குக்கும் அது மருந்தல்ல. எனக்கு பிஎஸ்ஸைவிட லாக்தான் பயம். ப்ராசஸ் முடிந்தால் பிஎஸ்ஸில் தடயம் போய்விடும். மத்திய லாக் சர்வருக்குப் போன வரி மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

என்விரான்மென்ட் வேரியபிள் கொஞ்சம் மேல். லினக்ஸில் உரிமையாளரும் ரூட்டும் மட்டுமே அதைப் படிக்க முடியும். ஆனால் பேக்கப் ஸ்கிரிப்ட் கிளப்பும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அது சொத்துபோல் இறங்குகிறது. கன்டெய்னருக்கு அப்படிக் கொடுத்திருந்தால், டாக்கரின் ‘இன்ஸ்பெக்ட்’ அதை அப்படியே எடுத்துக் காட்டும்.

நான் பரிந்துரைப்பது ஃபைல் டிஸ்கிரிப்டர். ஓபன்எஸ்எஸ்எல்லின் பாஸ் தேர்வுக்கு ‘எஃப்டி’ என்றொரு வடிவம் உண்டு, ஜிபிஜியில் ‘பாஸ்ஃப்ரேஸ்-எஃப்டி’. ஜிபிஜி 2.1 முதல் இதோடு ‘பேட்ச்’சும் ‘பின்என்ட்ரி’ லூப்பேக்கும் சேர்த்தால்தான் வேலை செய்யும். பலர் பாதியில் கைவிட்டுப் பழைய வழிக்கே திரும்புவது இந்த இடத்தில்தான். எஃப்டிக்குக் கடவுச்சொல் தரும் கோப்பு 0400 உரிமையோடு இருக்கட்டும். ‘கடைசியில் கோப்பில்தானே வைக்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். ஆமாம். ரூட்டிடமிருந்து எதையும் மறைக்க முடியாது. பிரதிகளின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் முடியும். சிஸ்டம்டி 247 முதல் உள்ள ‘லோட்கிரெடென்ஷியல்’ இதையே இன்னும் ஒழுங்காகச் செய்கிறது.

பைப்பில் தருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஷில் எக்கோவும் பிரின்ட்எஃப்பும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை என்பதால் பிஎஸ்ஸில் தெரியாது. ஆனால் எக்கோ கடைசியில் ஒரு நியூலைனை ஒட்டிவிடும். ஓபன்எஸ்எஸ்எல் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும், பாதகமில்லை. கிரிப்ட்செட்டப்புக்குக் கீஃபைலாக அதைக் கொடுத்தால் நியூலைனும் சாவியின் பகுதியாகிவிடும். பிறகு ஒருநாள் விசைப்பலகையில் அதே கடவுச்சொல்லை எத்தனை முறை அடித்தாலும் வட்டு திறக்காது. ‘தவறான கடவுச்சொல்’ என்ற செய்தியைப் பார்த்தபடி விடியவிடிய உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். பிரின்ட்எஃப்பையே பழகிக்கொள்ளுங்கள். ஹியர்-ஸ்ட்ரிங்கும் அவ்வளவு சுத்தமில்லை: பாஷ் 5.1க்கு முன்பு அது வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதியது.

‘ஏஜ்’ என்ற குறியாக்கக் கருவி கடவுச்சொல்லைப் பைப்பில் வாங்க மறுத்து, டெர்மினலில்தான் கேட்கிறது. அடம் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. என் ஓட்டு ஏஜுக்கு. இரவு இரண்டு மணிக்குக் கிரான் ஓட்டும் பேக்கப்புக்குக் கடவுச்சொல் எதற்கு? ஏஜோ ஜிபிஜியோ, பொதுச்சாவி ஒன்றை மட்டும் சர்வரில் வைத்தால் போதும். தனிச்சாவி வேறொரு கணினியில், மீட்டெடுக்கும் நாளுக்காகக் காத்திருக்கட்டும். அப்போது சர்வருக்குள் புகுந்தவர் பேக்கப்பை அழிக்கலாம், கெடுக்கலாம்; நேற்றைய பேக்கப்பைத் திறந்து படிக்க அவருக்கு அங்கே எதுவும் கிடைக்காது.