"ஒத்துக்கிறேன்" என்று சொன்னதோடு எல்லாம் முடிஞ்சிடுச்சா? பழைய குடிபோதை வழக்குகளை மறுபடி கேட்க ஒரு வழி வேண்டும்



தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குக் கோபம் வரும். "குடிச்சிட்டு வண்டி ஓட்டினவனுக்கு வக்காலத்தா?"ன்னு கமெண்ட் போட கை போகும். முழுசா படிச்சிட்டுப் போடுங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறோம். குடிச்சிட்டு வண்டி ஓட்டுவது குற்றம். 2022ல மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்காங்க. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். எல்லாமே குடியால் நடந்த சாவு இல்லை. ஆனா அதில் ஒரு பங்கு குடியால் போன உயிர் என்பதை யாரும் மறுக்க முடியாது. அதனால சோதனையும் வேணும், தண்டனையும் வேணும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நம்ம கேள்வி வேற.

ஒருத்தர் ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி ராத்திரி சோதனையில் மாட்டினார்னு வைங்க. கருவியில் ஊதச் சொன்னாங்க, ஒரு எண் வந்துச்சு. கோர்ட்ல "ஒத்துக்கிறியா?"ன்னு கேட்டாங்க. தலையை ஆட்டிட்டு, அபராதம் கட்டிட்டு, வண்டியை எடுத்துட்டுப் போய்ட்டார். அன்னைக்கு அவர் கண்ணுக்கு அது ஒரு ஃபைன் மட்டும்தான். சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றத் தீர்ப்பு. அந்தக் கருவி ஒழுங்கா வேலை செஞ்சதா, அவர் சொன்னது சட்டப்படி பதிவாச்சான்னு இன்னைக்கு அவர் கேட்கலாமா, கூடாதா?

கேட்கலாம்னு நாம சொல்றோம். காரணங்களைப் பார்ப்போம்.

தப்பு பண்ணாதவன் ஏன் ஒத்துக்கணும்?

மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினா குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னாடி அபராதம் 2,000 ரூபாய் வரைதான்.

இப்போ ஒரு டெலிவரி தம்பியின் கணக்கைப் போட்டுப் பாருங்க. "நான் ஒத்துக்கல, வழக்கை நடத்துறேன்"னு சொன்னா வாய்தா வாய்தாவா அலையணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். வக்கீல் ஃபீஸ் தனி. வண்டி ஸ்டேஷன்ல நிக்குது, அதனால சம்பாத்தியமும் நிக்குது. ஒத்துக்கிட்டா அன்னைக்கே முடிஞ்சிடும். இந்த நிலைமையில் குடிச்சவனும் ஒத்துக்குவான், குடிக்காதவனும் ஒத்துக்குவான். வசதி இருக்கறவன் வக்கீலை வெச்சுக் கேள்வி கேட்பான். இல்லாதவன் தலையை ஆட்டுவான். சமூக நீதி பேசுற நாம இதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா?

அப்புறம்தான் பிரச்சினையே ஆரம்பிக்குது

ஓட்டுநர் உரிமத்துக்குச் சிக்கல் வரும். சீருடைப் பணிக்கு விண்ணப்பிச்சா, குற்ற வழக்கு ஏதாவது இருந்ததான்னு கேட்பாங்க. வெளிநாட்டு விசா படிவங்களிலும் இதே கேள்வி. கனடாவை எடுத்துக்கோங்க. 2018 டிசம்பரிலிருந்து அங்கே குடிபோதையில் வண்டி ஓட்டுவது 10 வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். வேற நாட்டில் வாங்கின தண்டனையையும் அவங்க குடியேற்றச் சட்டத்தில் கடுமையான குற்றமா கணக்கில் எடுக்க முடியும். இங்கே 2,000 ரூபாய் கட்டிட்டு மறந்துபோன விஷயம், அங்கே கதவை அடைக்குது. "ஒத்துக்கிறேன்"னு சொல்ற நேரத்தில் இதை அவருக்கு யார் எடுத்துச் சொன்னது?

கருவி பொய் சொல்லுமா?

இன்ஜினியரிங் படிச்ச எல்லாருக்கும் இது தெரியும். அளவீட்டுக் கருவி எதுவா இருந்தாலும் கேலிப்ரேஷன் இல்லைன்னா அது காட்டுறது வெறும் எண்.

மூச்சுப் பரிசோதனைக் கருவி ரத்தத்தை நேரடியா அளக்கிறதில்லை. மூச்சில் இருக்கிற ஆல்கஹாலை அளந்து, ஒரு விகிதத்தால் பெருக்கி, ரத்தத்தில் இவ்வளவுன்னு சொல்லுது. அதைச் சரிபார்க்க, ஆல்கஹால் அளவு முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு கரைசலை 34 டிகிரி செல்சியஸில் வெச்சு, அதன் ஆவியைக் கருவிக்குள் விடுவாங்க. அந்த வெப்பநிலை ஒரு டிகிரி மாறினா ஆவியில் ஆல்கஹால் ஏறத்தாழ 6-7 சதவீதம் மாறிடும். அப்போ தெர்மாமீட்டர் சரியா இருக்கணும். அதைத்தான் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கோட்டை விட்டாங்க.

அங்கே கருவிகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்த ஒரு போலீஸ் சார்ஜென்ட், தரச்சான்று பெற்ற தெர்மாமீட்டரை வெச்சு வெப்பநிலையைப் பார்க்கும் படியை விட்டுட்டு, பார்த்ததா சான்று கொடுத்துட்டார்னு வெளியே வந்தது. அஞ்சு மாவட்டங்களில் 20,667 பேரின் பரிசோதனை முடிவுகள் சந்தேகத்துக்கு உள்ளாச்சு. குற்றத்தை ஏற்கெனவே ஒத்துக்கிட்டிருந்த ஒரு பெண், அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறணும்னு வழக்குப் போட்டார். 2018 நவம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அந்தப் பரிசோதனை முடிவுகளைச் சாட்சியமா ஏற்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லி, அவருடைய தண்டனையையும் ரத்து பண்ணிச்சு. தீர்ப்பு வந்தப்போ அந்தப் பெண் உயிரோட இல்லை. இறந்தவர் மேல் இருந்த களங்கத்தைக்கூட நீக்கணும்னு ஒரு நீதிமன்றம் நினைச்சது.

அடுத்தது மாசசூசெட்ஸ். அங்கே கருவிகள் கேலிப்ரேஷனில் தோற்றுப் போன ஆவணங்கள் 400க்கும் மேல. அரசுப் பரிசோதனை அலுவலகம் அதை மறைச்சு வெச்சது. விஷயம் வெடிச்சு, அலுவலகத் தலைவர் 2017ல வேலையை விட்டு நீக்கப்பட்டார். 2023 ஏப்ரலில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், 2011 ஜூன் முதல் 2019 ஏப்ரல் வரை இந்தப் பரிசோதனையில் மாட்டினவங்களுக்கு வழியைத் திறந்துவிட்டது. ஏறத்தாழ 27,000 பேர். 10 வருஷத்துக்கு முன்னாடி ஒத்துக்கிட்டவங்களும் அதில் சேர்த்தி.

ஆனா கவனிங்க, "எல்லாரும் நிரபராதி, வீட்டுக்குப் போங்க"ன்னு அந்த நீதிமன்றம் சொல்லலை. அரசு செஞ்ச தப்பை ஒவ்வொருத்தரும் தனித்தனியா நிரூபிக்கத் தேவையில்லை, அது முடிவான விஷயம்னு சொல்லிச்சு. அதுக்கு மேல, "இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்"னு நம்பும்படியா காட்டுறது அவரவர் பொறுப்பு. அளந்து வெச்ச நியாயம் இது.

இது ஏதோ அமெரிக்கக் கதைன்னு நினைக்க வேண்டாம். பக்கத்து கேரளத்தில் 2025ல பந்தளம் அரசுப் பேருந்து பணிமனையில், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஓட்டுநர்கள் பலாப்பழம் சாப்பிட்டுட்டு ஊதினதுக்குக் கருவி ஆல்கஹால் காட்டுச்சு. அதே வருஷம் கேரள உயர் நீதிமன்றமும், ஆளை ஊதச் சொல்றதுக்கு முன்னாடி கருவி வெறும் காற்றுக்குப் பூஜ்யம் காட்டணும்னு சொல்லி, அப்படிக் காட்டாத ஒரு வழக்கை ரத்து பண்ணிச்சு.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

குற்றத்தை ஒத்துக்கிட்டா மேல்முறையீடு கிடையாது. தண்டனை அதிகம், தண்டனை சட்டப்படி இல்லைன்னு மட்டும்தான் போக முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 375ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் 416ஆம் பிரிவு.

மிச்சம் இருப்பது ரெண்டு வழி. ஒண்ணு, சீராய்வு மனு. அதுக்கு 90 நாள் கெடு. தாண்டினா, ஏன் தாமதம்னு நீதிமன்றம் ஏத்துக்கும்படி காரணம் காட்டணும். இன்னொண்ணு, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். பழைய 482, புது 528. ரெண்டுக்கும் பணமும் நேரமும் வக்கீலும் வேணும்.

அதே சமயம் ஒரு முக்கியமான பாதுகாப்பும் இருக்கு. ஒருத்தர் குற்றத்தை ஒத்துக்கிட்டா, அவர் சொன்ன வார்த்தைகளையே முடிஞ்ச வரைக்கும் அப்படியே பதிவு பண்ணணும். இதை உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது 1960களில், அதுவும் நம்ம மெட்ராஸ் மாநில மதுவிலக்குச் சட்ட வழக்கு ஒண்ணில். அப்படிப் பதிவு பண்ணாத தண்டனை செல்லாதுன்னே தீர்ப்பு. அச்சடிச்ச படிவத்தில் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்"னு ஒரு டிக் அடிச்சிருந்தா, அதைக் கேள்வி கேட்க இந்தத் தீர்ப்பு போதும்.

"அப்போ எல்லாக் குடிகாரனும் தப்பிச்சிடுவானே?"

கணக்கா பேசுவோம். கருவி 7 சதவீதம் கூட்டிக் காட்டுதுன்னு வைங்க. 32 வந்தவரின் உண்மையான அளவு 30க்குக் கீழே இருந்திருக்கும், அதாவது அவர் குற்றவாளியே இல்லை. 150 வந்தவருக்கு? 140. அவர் அப்பவும் மாட்டுவார், மாட்டணும். எல்லைக் கோட்டில் நின்னவங்களுக்குத்தான் கேலிப்ரேஷன் கேள்வி உதவும். போதையில் தள்ளாடினவனுக்கு உதவாது. விபத்தில் ஆளைச் சாகடிச்சவங்களுக்காகவும் நாம இதைக் கேட்கலை.

"இத்தனை வருஷம் கழிச்சு வந்தா சாட்சிக்கு எங்கே போறது?" இது நியாயமான கேள்வி. அதனாலதான் எல்லா வழக்கையும் திறக்கச் சொல்லலை. கருவியில் பழுதுன்னு ஆவணம் இருந்தா, அல்லது ஒப்புதல் சட்டப்படி பதிவாகலைன்னா, அந்த வழக்கை மட்டும் கேட்கணும். சரியா சோதனை பண்ணின போலீஸ்காரர் இதுக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. அவர் வேலைக்கு இது மரியாதைதான்.

நம்ம கோரிக்கை

👉 ஒவ்வொரு கருவியின் கேலிப்ரேஷன் தேதியும் முடிவும் பொதுவெளியில் இருக்கணும். பரிசோதனைச் சீட்டில் கருவி எண்ணும் கடைசியா சரிபார்த்த தேதியும் அச்சாகணும்.

👉 எல்லைக்குப் பக்கத்தில் அளவு வந்தா, சிறிது நேரம் கழிச்சு ரெண்டாவது தடவை ஊத வைக்கணும். கேட்டா ரத்தப் பரிசோதனை உடனே கிடைக்கணும்.

👉 ஒத்துக்கிறதுக்கு முன்னாடி, "இது குற்றத் தீர்ப்பு, உரிமம், வேலை, விசா எல்லாத்தையும் பாதிக்கலாம்"னு தமிழில் படிச்சுக் காட்டணும்.

👉 ஒரு கருவி பழுதுன்னு தெரிஞ்சா, அதில் மாட்டின எல்லாருக்கும் அரசே தகவல் அனுப்பணும். அவங்களுக்குத் தாமதக் கெடு தடையா இருக்கக் கூடாது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பழைய வழக்கு இருந்தா

தீர்ப்பு, ஒப்புதல் பதிவு, பரிசோதனைச் சீட்டு மூணுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்க. சின்ன வழக்குகளின் கோப்பை நீதிமன்றம் காலத்துக்கும் வெச்சிருக்காது, அதனால தள்ளிப் போடாதீங்க. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, 15100க்கு அழைக்கலாம். வேலை விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீங்க. சரிபார்ப்புப் படிவத்தில் உண்மையைத்தான் எழுதணும்னு 2016ல உச்ச நீதிமன்ற மூவர் அமர்வு சொல்லியிருக்கு. பல நேரம் வழக்கை விட அதை மறைச்சதுதான் பெரிய வம்பா முடியும். முக்கியமா, பழைய வழக்கை உடைக்கலாம்ங்கிற தைரியத்தில் இன்னைக்குக் குடிச்சிட்டு வண்டி எடுக்காதீங்க. வீட்டில் உங்களுக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க.

குடிச்சவனை ஊதச் சொல்ற உரிமை அரசுக்கு உண்டு. "உன் கருவி சரியா?"ன்னு திருப்பிக் கேட்கிற உரிமை குடிமகனுக்கும் உண்டு. ரெண்டும் சேர்ந்தாத்தான் அது நீதி.

படிச்சதோட நிறுத்தாம, தேவைப்படுறவங்களுக்கு அனுப்புங்க தோழர்களே.

#கருவியைச்சரிபார் #ஒப்புதலைப்படிச்சுக்காட்டு #எளியவனுக்கும்நீதி