கடைப் பாட்டும் நமது வேலையும்



போரின் பின்னர் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் புடவைக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் வேலை செய்கின்றனர். பல கடைகளில் காலையில் திறந்தது முதல் இரவு பூட்டும்வரை பாட்டு ஒலித்தபடியே இருக்கும். "பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை, உங்களுக்கென்ன குறை?" என்று வெளியில் உள்ளவர்கள் சொல்வதுண்டு. உண்மை என்ன?

கடையில் பாட்டுப் போடுவது பெரும்பாலும் வாடிக்கையாளருக்காகவே. அமெரிக்காவில் சுப்பர் மார்க்கெட் ஒன்றில் செய்த ஆய்வை றொனால்ட் மில்லிமன் 1982இல் வெளியிட்டார். மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் ஆறுதலாக நடந்தனர். வேகமான இசை ஒலித்தபோது நடந்ததைவிட விற்பனை ஏறத்தாழ 38 வீதம் கூடியிருந்தது. ஆகவே இசையால் முதலாளிக்கு இலாபம் கிடைக்கலாம்.

வேலை செய்பவருக்கு? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940இல், பிரித்தானியத் தொழிற்சாலைத் தொழிலாளருக்காக பி.பி.சி. வானொலி நாளுக்கு இரு தடவை இசை ஒலிபரப்பத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம் மட்டுமே. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையின் சலிப்பைப் போக்குவதே அதன் நோக்கம். துணி மடிக்கும்போதும் பொருட்களை அடுக்கும்போதும் நமக்கும் இசை துணைதான். ஆனால் காசு எண்ணும்போதும் பில் எழுதும்போதும் பாட்டின் சொற்கள் கவனத்தைக் கலைக்கும். கணக்கில் குறையும் காசைச் சம்பளத்தில் பிடித்தால், அது பிள்ளைகளின் சாப்பாட்டில்தான் போய் முடியும்.

இன்னொன்றும் உண்டு. இழந்த உறவுக்குப் பிடித்த பாட்டு திடீரென ஒலித்தால் கை வேலையில் ஓடாது. பெருஞ்சத்தம் கேட்டால் நெஞ்சு பதறும். இதற்காக வெட்கப்படத் தேவையில்லை. போரைக் கடந்து வந்த எவருக்கும் இது நேரலாம். அவ்வேளையில் இரண்டு நிமிடம் வெளியே சென்று, தண்ணீர் குடித்து, ஆறுதலாக மூச்செடுங்கள். அடிக்கடி நேர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள்.

கடையில் கேட்கக்கூடியவை சில: பக்கத்தில் நிற்பவருடன் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம், அதைக் குறைக்கச் சொல்லலாம். காசு மேசைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியை வேறிடத்திற்கு மாற்றச் சொல்லலாம். கணக்கு முடிக்கும் நேரத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லலாம். இடையிடையே சொற்களில்லாத மெல்லிசை போடச் சொல்லலாம்.

தனியே கேட்கத் தயக்கமானால் கூட வேலை செய்யும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். கணக்குப் பிழை குறைந்தால் முதலாளிக்கும் நன்மைதானே என்று எடுத்துச் சொல்லுங்கள்.