"வரை" எனும் வலை

நூறு நாற்காலி உள்ள கொட்டகைக்கு ஐயாயிரம் டிக்கெட் விற்றால் கொட்டகைக்காரர் கதி என்னவாகும்? அன்றிரவே திரை கிழியும்; மறுநாள் காலை போலீஸ் வரும். இணைய இணைப்பு விற்கும் கனவான்கள் நாள்தோறும் செய்வது அதையேதான். திரையும் கிழியவில்லை, போலீசும் வரவில்லை. மாதம் பிறந்தால் பில் மட்டும் தவறாமல் வருகிறது!

"நொடிக்கு 100 மெகாபிட் வரை" என்பது விளம்பரம். நூறு என்ற எண் பூசணிக்காய் அளவு. 'வரை' என்ற சொல்லோ கடுகளவு. ஆலையிலிருந்து திரும்பிய தோழர் இரவு எட்டு மணிக்கு மகனின் பாடத்தைத் திறக்கிறார். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது! கேட்டால், "பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று பதில். பெட்டியிலா கோளாறு?

கணக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் மேலிடத்தில் 1,000 மெகாபிட் வாங்கி, 500 வீடுகளுக்கு, வீட்டுக்கு 100 வீதம் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 1,000, விற்றது 50,000! ஐந்நூறு வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் வீட்டுக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு.

பங்கிடுவதே பாவம் என்று நாம் கூறவில்லை. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை; ஆளுக்கொரு தனிப்பாதை போட்டால் கட்டணம் ஏழைக்கு எட்டாது. தெருக்குழாயைப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள்தாம் நாம். குழாய்க்கு எத்தனை குடம் என்பதை மறைப்பானேன் என்றே கேட்கிறோம்.

விதி இல்லையா? இருக்கிறது, ஏட்டில்! நெரிசல் நேரத்திலும் இணைப்புப் பாதை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் கூறியது. வீட்டு இணைப்பானால் ஒரு பங்குக்கு 50 பேர், வணிக இணைப்பானால் 30 பேர், அந்தக் கணக்கை வாடிக்கையாளர் அறிய வெளியிடவும் வேண்டும் என்று 2009இல் வழிகாட்டியது. தோழர்களே, அந்த எண்ணை உங்கள் பில்லில் கண்டதுண்டா? 2023இல் டில்லி வகுத்த இலக்கணமோ, 2 மெகாபிட் இருந்தாலே 'பிராட்பேண்ட்' என்கிறது. நூறுக்குப் பணம் வாங்கி இரண்டு அளந்தவரும் இலக்கணம் தவறாதவரே!

பிரிட்டனிலும் இந்த 'வரை' ஆட்சி செய்தது. பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே போதும், அந்த வேகத்தை விளம்பரப்படுத்தலாம் என்றிருந்தார்கள். 2018 மே மாதம் முறை மாறிற்று. இரவு 8 முதல் 10 மணிக்குள், பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தையே அச்சிட வேண்டும் என்றார்கள் விளம்பர நெறியாளர்கள். செப்புக் கம்பி இணைப்புக்கு 17 என்று முழங்கியவர்கள் 10, 11 என்று இறங்கி வந்தார்கள். கம்பி மாறவில்லை, பொய்தான் குறைந்தது!

இங்கே அதைச் செய்யவிடாமல் தடுப்பது எது? எட்டு மணி வேகத்தையும், பங்காளிகள் எத்தனை பேர் என்பதையும் பில்லிலேயே அச்சிட டில்லி ஆணையிடட்டும். அதுவரை தோழர்கள், இரவு எட்டு மணி வேகத்தை அளந்து, தேதியோடு குறித்து, பில்லுடன் சேர்த்து வையுங்கள். புகார் எண் வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.