கடைசிப் பந்தியில் கர்ப்பிணி

மூன்றாண்டுகளுக்கு முன், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் என் பெரியப்பா மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு நடந்தது. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என ஐவகைச் சோறும் அக்காள் முன்னே அணிவகுத்தன. ஊரே வாழ்த்தியது. மறுநாள் பகல் இரண்டரை மணிக்கு, வீட்டார் அனைவரும் உண்டு எழுந்த பின், எஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு அடுப்படியில் அமர்ந்திருந்தாள் அதே அக்காள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கக்கா" என்றேன். "பிள்ளை பெருத்துப் போனா பெத்தெடுக்க முடியாது ஆத்தா, வயித்தைக் கட்டணும்" என்று மாமியார் குறுக்கிட்டார்.

அந்த அம்மாளைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனை எட்டாத காலத்தில் பேறு தடைப்பட்டால் தாய் மடிந்தாள். அன்று அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பேறு தடைப்படும் ஆபத்து, சிறுமியாய் இருந்தபோதே போதிய உணவின்றி இடுப்பெலும்பு வளர்ச்சி குன்றியவளுக்கே மிகுதி. கருவுற்ற பின் வயிற்றைக் கட்டினால் மெலிவது குழந்தைதான். அக்காள் பெற்ற பிள்ளையின் எடை 2 கிலோ 100 கிராம். இரண்டரைக் கிலோவேனும் இருக்க வேண்டும் என்பார்கள். உணவு ஒன்றே காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவர் அல்லேன்.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இரண்டு இட்லி, ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு டம்ளர் பால்: ஏறத்தாழ அவ்வளவுதான்! இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பயன் குறையும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடும். இதற்கெல்லாம் வளைகாப்பு வரை காத்திருப்பதும் தவறு. மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குத் துணைசெய்யும் ஃபோலிக் அமிலம் தேவைப்படும் அந்நாட்களில், தான் தாயாகப் போவதைப் பல பெண்கள் அறிந்திருப்பதே இல்லை.

அரசு வாளாவிருக்கவில்லை. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, அதில் மதுரை மாவட்டமும் இடம்பெற்றது. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. பேரீச்சையும் நெய்யும் இரும்புச்சத்து மருந்தும் அடங்கிய பெட்டகமும் சேர்ந்தது. வாசற்படி தாண்டிய பிறகு அவை யார் இலைக்குப் போகின்றன? அக்காள் வீட்டில் நெய் மாமனாரின் பருப்புச் சோற்றுக்குப் போயிற்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை. வீட்டுப் பந்தி வரிசையை எந்த அரசாணை மாற்றும்?

அண்ணனுக்கும் அப்பாவுக்கும் தட்டு வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு பேருந்தேறி வந்து, முதல் பாடவேளையிலேயே தலைசுற்றி அமரும் மாணவியர் நம் வகுப்புகளிலும் உண்டு. என் பக்கத்து இருக்கைத் தோழியே ஒருத்தி. கேட்டால், "பழகிப் போச்சு" என்பாள்.

அக்காள் மீண்டும் கருவுற்றிருக்கிறாள். ஞாயிறுதோறும் நான் போய் வருகிறேன். சென்ற ஞாயிறன்று அத்தான் சாப்பிட அமருமுன், "முதல்ல நீ உட்காரு" என்றார் அக்காளிடம். மாமியார் முகம் சற்றுச் சுளித்தது. ஆனால் அவள் தட்டில் முட்டையை எடுத்து வைத்தது அந்த மாமியார்தான்.