பத்துப் பிரதி

நாடகம் போடுறவனுக்கு முதல்ல வேண்டியது மேடையில்ல, பிரதி. பத்துப் பாத்திரம்னா பத்துப் பிரதி. காசுக்கு எங்க போறது?

1918ல் இங்கிலாந்தின் கிரேஃபோர்டில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் நாடகம் வாசித்ததைப் பார்த்தவர் ஜெஃப்ரி விட்வொர்த். மறு வருஷமே 'பிரிட்டிஷ் டிராமா லீக்' தொடங்கினார். அதன் உருப்படியான வேலை நூலகம்தான்: ஒரே நாடகத்தின் பிரதிகளைக் கட்டாக, குழுக்களுக்கு இரவல் கொடுத்தது.

ஓரங்க நாடகப் போட்டியும் நடத்தினாங்க. நடுவர், தீர்ப்பு. எனக்கு ஒப்புதலில்லை. வேலை முடிஞ்சு ராத்திரி ஒத்திகைக்கு வர்றவனை அங்கேயும் எடைபோடணுமா? (பகலெல்லாம் மேலதிகாரி குறிப்பெழுதுற வங்கிக்காரன் கேட்கிறேன்.)

1990ல், பேர் மாறி பிரிட்டிஷ் தியேட்டர் அசோசியேஷனாக இருந்த அதை மூடினார்கள். போட்டி போனா போகட்டும். அந்தப் புத்தகக் கட்டுதான் மனசை அறுக்குது.